ட்ரையல்ஸ் பைக் பழகத் தொடங்குபவர்களுக்கு: முழு லாக் திருப்பம், டயர் காற்று, மரக்கட்டை ஏறுதல்

புதுத்தடம்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 250 சிசி டூ-ஸ்ட்ரோக், சீட்டே இல்லாத அசல் ட்ரையல்ஸ் பைக், அதாவது பாறை, மரக்கட்டை போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் மெதுவாகக் கடக்கும் விளையாட்டுக்கானது. ரோட்டில் ஓட்டிப் பழகிய கைக்கு இது வேறு உலகமாக இருக்கிறது. முழு லாக்கில், அதாவது ஹேண்டிலை ஒரு பக்கம் முட்டும் வரை திருப்பி, வளைத்தால் பாதி வட்டத்தில் என்ஜின் ஆஃப் ஆகிறது, இல்லையென்றால் திடீரென்று பாய்கிறது. கால் மணி நேரத்தில் முன்கை கல்லாக இறுகிவிடுகிறது. டயர் காற்று 5 பிஎஸ்ஐ என்கிறார்கள், நம்பவே முடியவில்லை. மரக்கட்டை, படிக்கல் போன்றவற்றை எப்போது தொடலாம்? அப்புறம், இவ்வளவு திணறலிலும் விட மனசு வரவில்லை. எந்த வரிசையில் பழகினால் முன்னேறலாம்?

ஒற்றைவிரல்:
வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் நிற்கும் நிலை, அடுத்து கிளட்ச், அடுத்து திருப்பம், அதற்குப் பிறகுதான் தடைகள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ட்ரையல்ஸில் உயரமான பாறை ஏறுவது கடைசிப் பாடம். நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, கால் ஊன்றாமல், நினைத்த கோட்டில் வண்டியைக் கொண்டுபோவதுதான் முதல் பாடம். அது வந்துவிட்டால் மற்றவை எல்லாம் அதன் மேல் தானாக வந்து உட்காரும்.

நிற்கும் நிலை: பாதத்தின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் ஃபுட்பெக் (கால் மிதி) இருக்கட்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், டேங்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்டி உங்களுக்குக் கீழே இடமும் வலமும் சாய இடம் வேண்டும். கைகளால் ஹேண்டிலைத் தொங்கிப் பிடிப்பவருக்குத்தான் முன்கை இறுகும். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. சமதளத்தில் முதல் கியரில் மெதுவாகப் போகும்போது இரண்டு கை விரல்களையும் ஒரு நொடி தளர்த்திப் பாருங்கள். உடல் பின்னாலோ முன்னாலோ சரிந்தால் எடை காலில் இல்லை, கையில் இருக்கிறது.

கிளட்ச், முன் பிரேக் இரண்டிலும் ஆள்காட்டி விரல் மட்டும். எப்போதும் லீவர் மேலேயே. மற்ற மூன்று விரல்களும் கிரிப்பில். இரண்டு விரல் வைத்தால் பிடிப்பு பாதியாகும், முன்கை இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கருங்கல்:
ஒற்றைவிரல் சொன்னது நடக்க வேண்டுமானால் லீவர் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். லீவர் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டிலின் நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும். நுனியில் இழுத்தால் பலம் குறைவாகப் போதும், நுணுக்கமும் கூடும். உயரம்: நின்றபடி கையை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லீவர் உயரமாக இருக்கிறது. கிளாம்ப் போல்ட்டை முழு முறுக்கில் இறுக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் சுழல வேண்டும், இல்லையென்றால் உடையும். ஓட்டும்போது நகராமல், உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் நகரும் அளவுக்கு இறுக்கம் போதும்.

என்ஜின் ஆஃப் ஆவதற்கு முதலில் ஐட்லிங்கைப் பாருங்கள். பழகும் காலத்தில் சற்றுக் கூடுதலாக வையுங்கள். முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டால், த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) தொடாமல் சமதளத்தில் வண்டி தானாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, வண்டியில் என்ஜினின் குணத்தை மாற்றும் மேப் சுவிட்ச் இருந்தால் மழைக்கான மென்மையான மேப்பில் போடுங்கள். மூன்றாவது, மெதுவான த்ராட்டில் டியூப் தனியாகக் கிடைக்கும். அதே அளவு மணிக்கட்டுத் திருப்பத்துக்குக் கார்புரேட்டர் குறைவாகத் திறக்கும். பாய்வது பாதி குறையும்.

கிளட்ச் இழுத்தும் வண்டி முன்னால் இழுக்கிறதா? குளிர்ந்த நிலையில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்ச்சை இழுத்துப் பிடித்தபடி முன்னும் பின்னும் உந்துங்கள், பின்சக்கரம் விடுபட்டு உருளும் வரை. சூடான பிறகும் இழுத்தால் கியர் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். ஆயில் கெட்டி ரகமாக இருக்கும், அல்லது பழையதாக இருக்கும். கம்பெனி கையேடு சொல்லும் ரகத்தையும் அளவையும் தாண்ட வேண்டாம். இந்த வண்டிகளில் ஆயில் அளவு மிகக் குறைவு, நாள் முழுக்க ஹாஃப் கிளட்ச்சில் ஓடுகிறது. சீக்கிரம் கறுத்துவிடும். அடிக்கடி மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

புதுத்தடம்:
லீவரை நகர்த்தியதிலேயே வித்தியாசம் தெரிகிறது அண்ணா. ஆனால் இவ்வளவு ஹாஃப் கிளட்ச் பிடித்தால் பிளேட் எரியாதா? ரோடு பைக்கில் அதைத்தான் செய்யாதே என்பார்கள்.

ஒற்றைவிரல்:
எரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. தாழ்ந்த ரெவ்வில் (என்ஜின் சுழலும் வேகம்) வழுக்குவது பிரச்சினையே இல்லை. உயர்ந்த ரெவ்வில் ஓர் ஏற்றத்தில் சிக்கி, சக்கரம் நகராமல் கிளட்ச்சை மட்டும் வழுக்கவிட்டால்தான் சூடேறும். அந்த நிலையில் விட்டுவிட்டு இறங்கித் தள்ளுங்கள்.

இப்போது முழு லாக் திருப்பம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதற்குள் இருக்கிறது.

சமதளம், உலர்ந்த மண். முதல் கியர். த்ராட்டிலை ஐட்லிங்குக்கு ஒரு நூல் மேலே வைத்து அப்படியே மறந்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளட்ச் விரலின் வேலை. வலது பாதம் பின் பிரேக்கில் லேசாக உரசிக்கொண்டே இருக்கட்டும். என்ஜின் தள்ள, பிரேக் சற்றே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி இறுக்கமாக, குலுங்காமல் போகும்.

இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஹேண்டிலை இடது லாக் வரை திருப்புங்கள். வண்டி இடப்பக்கம் சாய வேண்டும், நீங்கள் சாயக் கூடாது. இடுப்பை வலப்பக்கம் வெளியே தள்ளுங்கள், எடை வலது பெக்கில். வலது முழங்கால் மடங்கி வெளிப்பக்கம் பார்க்கும், இடது கால் ஏறக்குறைய நேராகும். தோள்களை ஹேண்டிலுக்கு இணையாகத் திருப்புங்கள். பார்வை வட்டத்தின் எதிர்ப்புறத்தில் இருக்கட்டும், முன்சக்கரத்தில் அல்ல.

இடது லாக்கில் வலது கை உங்களைவிட்டு விலகிப் போகும். எட்டிப் பிடிக்கும்போது மணிக்கட்டு கீழிறங்கி, தெரியாமலே த்ராட்டில் திறக்கும். நீங்கள் சொன்ன “திடீர்ப் பாய்ச்சல்” பெரும்பாலும் இதுதான். தீர்வு: திருப்பத்துக்கு முன்பே மார்பை முன்னால் கொண்டுவந்து, வலது முழங்கையை உயர்த்தி வையுங்கள். வலது லாக்கில் நேர் எதிர். த்ராட்டில் கை இடுப்போடு ஒட்டி மடங்கும், திறக்க இடமில்லாமல் மூடிக்கொள்ளும், என்ஜின் ஆஃப் ஆகும். அங்கே கிரிப்பை முன்கூட்டியே சற்று மாற்றிப் பிடித்து உள்ளே நுழைய வேண்டும்.

எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும். வராத பக்கத்தை இரண்டு மடங்கு பழகுங்கள்.

ஈரமரம்:
ஒரு சின்ன மாற்றுக் கருத்து. பின் பிரேக்கை எப்போதும் உரசச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. புதியவர் அதைப் பழகிவிட்டு ஏற்றத்திலும் மிதித்துக்கொண்டே இருப்பார், டிஸ்க் சூடாகும், வண்டி திணறும். முதலில் கிளட்ச் மட்டும் வைத்து எட்டு வடிவம் போடட்டும். அதில் குலுக்கல் நின்ற பிறகு பிரேக்கைச் சேர்க்கலாம்.

எட்டு வடிவத்துக்கு: இரண்டு கற்களை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். சுத்தமாக வந்ததும் 4 மீட்டர், பிறகு 3. அதற்கும் பிறகு அதே எட்டை லேசான சரிவில் போடுங்கள். சமதளத்தில் கிடைத்த நம்பிக்கை சரிவில் எப்படிக் கரைகிறது என்று தெரியும். மேல் நோக்கித் திரும்பும்போது கூடுதல் கிளட்ச், கீழ் நோக்கித் திரும்பும்போது முன் பிரேக். கீழ் நோக்கிய திருப்பத்தில் ஹேண்டில் லாக்கில் இருக்க முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் சக்கரம் மடிந்து விழுவீர்கள். மெல்ல அழுத்த வேண்டும், சக்கரம் உருண்டுகொண்டே இருக்க வேண்டும்.

ஒற்றைவிரல்:
ஈரமரம் சொன்ன வரிசையும் சரிதான். பிரேக்கைப் பிறகு சேர்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் பாதம் பெடலின் மேல் இருக்கும் பழக்கம் முதல் நாளே வேண்டும். முன்சக்கரம் எதிர்பாராமல் தூக்கினால் காப்பாற்றுவது பின் பிரேக் ஒன்றுதான். மிதித்ததும் முன்பக்கம் கீழே இறங்கும்.

கருங்கல்:
டயர் காற்றுக்கு வருகிறேன். நம்புங்கள், 5 பிஎஸ்ஐ என்பது சரி.

பின்னால் 4.00-18 ரேடியல், டியூப்லெஸ். முன்னால் 2.75-21, பொதுவாக டியூப் உள்ளது. பின்னால் 4 முதல் 5, முன்னால் 6 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ட்ரையல்ஸ் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, ரப்பர் மென்மையானது. இந்தக் காற்றழுத்தத்தில் அது கல்லின் வடிவத்துக்கு மடிந்து உட்கார்ந்து கவ்வும். 10 பிஎஸ்ஐ வைத்தால் அதே டயர் கல்லிலிருந்து தெறிக்கும். உடல் எடை கூடுதலாக இருந்து கூரான பாறையில் ஓட்டுபவர் பின்னால் 6 வரை போகலாம். பாறை விளிம்பில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் அரை பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

காற்றழுத்தம் அளக்க சாதாரண கேஜ் வேண்டாம். 4-க்கும் 6-க்கும் வித்தியாசத்தை அது காட்டாது. 0 முதல் 15 வரை மட்டும் அளக்கும் கேஜ் வேண்டும். காற்றை வீட்டில் வைத்துக் கிளம்பாமல், ஓட்டும் இடத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த டயரில் அழுத்தம் கூடியிருக்கும். இந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போகாதீர்கள், டயர் நெளியும், சூடாகும், திருப்பத்தில் கைவிடும்.

பின்டயரில் காற்று தினமும் இறங்கினால் பஞ்சர் தேடும் முன் ரிம்மைப் பாருங்கள். ஸ்போக்ஸ் துளைகளை மூடும் ரப்பர் பட்டை நகர்ந்திருக்கலாம், அல்லது ரிம் ஓரத்தில் மண் சிக்கியிருக்கலாம். சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

சரிவுமேடு:
நண்பர்களே, போட்டி விதி தெரிந்தால் பழகும் முறையே மாறும், அதனால் இதையும் சேர்க்கிறேன். ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. குறித்த ஒரு பகுதியை, செக்‌ஷன் என்பார்கள், கால் ஊன்றாமல் கடந்தால் 0. ஒரு முறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ 3. விழுந்தால், எல்லைக்கு வெளியே போனால், முடிக்காவிட்டால் 5. குறைந்த எண் பெற்றவர் வெற்றி. சில போட்டிகளில் கால் ஊன்றாமல் நின்று கொள்ளலாம், சிலவற்றில் வண்டி நின்றாலே 5. போகும் இடத்தின் விதியை முதலில் கேளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, 3-க்கும் 5-க்கும் உள்ள தூரம். மூன்று முறை ஊன்றிய பிறகு எத்தனை முறை ஊன்றினாலும் அதே 3 தான். ஆகவே தடுமாறினால் காலை இறக்கி, உந்தித் தள்ளி, எப்படியாவது முடிக்க வேண்டும். புதியவர்கள் “எப்படியும் கெட்டுப்போச்சு” என்று கைவிட்டு 5 வாங்குவார்கள். பழகும்போதும் இரண்டு கொடி நட்டு, இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 5 கிடைத்த திருப்பத்தில் இன்று 3, அடுத்து 1 என்று இறங்குவது தெரியும். அந்தத் திணறலுக்குள்ளே இருக்கும் ருசி அதுதான் தம்பி. சில அடி நீளப் பாதையே ஒரு மாலைக்குப் போதும்.

செக்‌ஷனுக்குள் நுழையும் முன் நடந்து பாருங்கள். நுழைவிலிருந்து நடந்தால் மட்டும் போதாது, முடிவிலிருந்து திரும்பியும் நடங்கள். மூன்றாவது தடைக்கு எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்பதுதான் இரண்டாவது தடையை எங்கே கடப்பது என்பதை முடிவு செய்யும். கல்லைக் காலால் மிதித்து அசைகிறதா பாருங்கள். முன்னால் போனவர்களின் டயர் பாறையில் விட்ட கறுப்புத் தடம் எங்கே பிடிப்பு இருக்கிறது என்று காட்டும்.

புதுத்தடம்:
நன்றி. திருப்பம் கொஞ்சம் கைவந்தால் மரக்கட்டை பழகலாமா? எவ்வளவு உயரம்?

ஈரமரம்:
20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை. இரண்டு பக்கமும் முளை அடித்து உருளாமல் நிறுத்துங்கள், இது கட்டாயம். பட்டை உரிந்த ஈரக் கட்டையில் தொடங்காதீர்கள்.

கட்டைக்குச் செங்குத்தாக, நடக்கும் வேகத்தில், முதல் கியரில் வாருங்கள். முன்சக்கரம் கட்டைக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும்போது முழங்காலை மடக்கி எடையைக் கீழே அழுத்துங்கள், முன் ஃபோர்க் அமுங்கும். அது எழும்பும் அதே கணத்தில் நீங்களும் எழுந்து, கிளட்ச்சோடு சேர்த்து த்ராட்டிலை ஒரு சின்ன முறுக்கு. முன்சக்கரம் எழும். கட்டைக்கு மேலே பறக்க வேண்டாம், மேல் விளிம்பைத் தொட்டாலே போதும். தொட்ட உடனே த்ராட்டிலை மூடி, கிளட்ச்சை இழுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை முன்னால் விடுங்கள். வண்டியின் வேகமே பின்சக்கரத்தை மேலேற்றும். பின்சக்கரம் கட்டையைத் தொடும்போது த்ராட்டில் திறந்திருக்கவே கூடாது.

என்ன தப்பாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரம் கட்டை மேல் சுழன்று பக்கவாட்டில் வழுக்கினால் த்ராட்டிலைத் தாமதமாக மூடுகிறீர்கள். அடித்தகடு கட்டை மேல் உட்கார்ந்து நின்றுவிட்டால் வேகம் குறைவு, அல்லது கிளட்ச்சைச் சீக்கிரம் இழுத்துவிட்டீர்கள். பின்பக்கம் உதைத்து முதுகைத் தூக்கிப் போட்டால் முழங்கால் விறைப்பாக இருக்கிறது. முன்சக்கரம் எழவே இல்லையென்றால் கைகளால் ஹேண்டிலை இழுக்கிறீர்கள். தூக்குவது கால்களும் கிளட்ச்சும்தான்.

இது பத்துக்கு ஒன்பது முறை சுத்தமாக வந்த பிறகு முழங்கால் உயரத்துக்குக் குறைவான படிக்கல். அங்கே இரண்டாம் கியர் எடுங்கள், முதல் கியரில் சக்கரம் வீணாகச் சுழலும். செங்குத்துச் சுவரை எகிறி அடிக்கும் வித்தைகள் எல்லாம் இப்போது வேண்டாம்.

மலைச்சரிவு ஏற்றத்திலும் கியர் விஷயம் இதேதான். இரண்டாம் கியர், அடிவாரத்திலேயே வேகத்தை எடுத்து, மேலே போகப் போக த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் கூட்டினால் சக்கரம் சுழலும், பிடிப்பு போகும். நின்றுவிட்டால் முன் பிரேக்கைப் பிடித்து, மேடான பக்கத்துக் காலை ஊன்றி, வண்டியை அந்தப் பக்கமாகச் சாய்த்து இறங்குங்கள். பள்ளப் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

கருங்கல்:
தடைகளைத் தொடும் முன் கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும். காந்தம் வைத்த ரகம் நல்லது. வண்டியை விட்டு நீங்கள் விலகியதும் என்ஜின் அணையும். பின்னால் கவிழ்ந்த வண்டி த்ராட்டில் திறந்தபடி சுழலும்போது ஸ்போக்ஸுக்கு அருகில் விரல் போவது இந்த விளையாட்டின் மோசமான காயங்களில் ஒன்று. செயின் பல்சக்கரக் கவசத்தையும் கழற்றி எறியாதீர்கள். உறுதியான பூட்ஸ் வேண்டும், ஆனால் மோட்டோகிராஸ் பூட்ஸ் கணுக்காலை மடங்க விடாது, பெக்கில் பாதத்தின் உணர்வு போய்விடும். ட்ரையல்ஸ் பூட்ஸ் மடங்கும்.

மூத்தகியர்:
என்ஜின் பற்றி யாரும் பேசவில்லையே. 250 டூ-ஸ்ட்ரோக் நல்ல தேர்வுதான். 125 இலகுவாக இருந்தாலும் ரெவ் அதிகம் கேட்கும், கிளட்ச் வேலை கூடும். 300 சிசி வண்டி குறைந்த ரெவ்விலிருந்தே பலமாகத் தள்ளும், தவறை மன்னிக்காது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜின் பிரேக்கிங் அதிகம், இறக்கத்தில் வசதி, ஆனால் த்ராட்டிலை மூடியதும் வண்டி இழுத்துப் பிடிப்பதால் மெதுவான திருப்பத்தில் கிளட்ச் விரல் விழிப்பாக இருக்க வேண்டும்.

எது சிறந்தது என்ற வாதம் பழையது. ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் 500 சிசி ஏரியல் ஃபோர் ஸ்ட்ரோக்கை விட்டு ஸ்பெயின் கம்பெனி புல்டாகோவின் இலகுவான டூ-ஸ்ட்ரோக்குக்கு மாறி, 1965-இல் ஸ்காட்லாந்தில் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல் போட்டியையும் வென்றார். கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அங்கே முடியத் தொடங்கியது. மறுபக்கம் பார்த்தால் ஸ்பெயின் வீரர் டோனி போ 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டத்தை மொண்டேசா கம்பெனியின் ஃபோர் ஸ்ட்ரோக்கில்தான் வென்றிருக்கிறார். ஆகவே கையில் இருப்பதை ஓட்டுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலவையில் கவனம். கையேடு 80:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 12.5 மில்லி, 5 லிட்டருக்கு 62.5 மில்லி. மருந்து ஏற்றும் சிரிஞ்சால் அளங்கள், கண்ணளவு வேண்டாம். பயத்தில் ஆயிலைக் கூட்டினால் பிளக் கறுத்து அடிக்கடி அணையும், சைலன்ஸரில் எண்ணெய் வழியும். நீண்ட நேரம் ஐட்லிங்கிலேயே வட்டம் போட்டாலும் பிளக் அடைக்கும். இடையிடையே நேரான இடத்தில் மூன்றாம் கியரில் ரெவ் ஏற்றி ஓட்டித் துப்பவிடுங்கள்.

புதுத்தடம்:
வட்டம் போடும்போது ஃபேன் சத்தமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. நிறுத்த வேண்டுமா?

மூத்தகியர்:
வேண்டாம். மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைப்பதில்லை, அதற்குத்தான் ஃபேன். சுற்றி, பிறகு தானாக நின்றால் எல்லாம் சரி. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து மூடி வழியாக நீர் கக்கினால் ரேடியேட்டர் இடுக்கில் சேறு அடைத்திருக்கும், அல்லது கூலன்ட் குறைந்திருக்கும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறங்கள். ஃபேன் சுற்றவே இல்லையென்றால் ஓட்டாதீர்கள், முதலில் வயர் கனெக்டரைக் கழற்றி ஈரம் பாருங்கள்.

கழுவும்போது இன்னொன்று. ஏர் ஃபில்டர் பெட்டி பின் மட்கார்டுக்குக் கீழே திறந்தாற்போல் இருக்கும். வாயை அடைக்காமல் பிரஷர் தண்ணீர் அடித்தால் நேராக உள்ளே போகும். பஞ்சு ஃபில்டரைக் கழுவி, முழுக்கக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் பிசைந்து பிழிந்து போடுங்கள். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் ஒரு துளி தெறித்தாலும் பேட் கெட்டுவிடும், அட்டை ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுத்தடம்:
கடைசிக் கேள்வி. நின்ற இடத்தில் கால் ஊன்றாமல் பேலன்ஸ் செய்வதை எப்போது பழகுவது?

ஒற்றைவிரல்:
இன்றே தொடங்கலாம், என்ஜினே வேண்டாம். முன்சக்கரத்தை ஒரு சுவர் அல்லது கல்லோடு ஒட்டி நிறுத்தி, ஹேண்டிலை இடது லாக்கில் வைத்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பெக்குகளில் ஏறுங்கள். இடப்பக்கம் சரிந்தால் இடது முழங்காலை வெளியே நீட்டாதீர்கள், வலது முழங்காலை நீட்டுங்கள். எடை மறுபக்கம் போகும். கண்ணை 2 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியில் நிறுத்துங்கள். 10 நொடி நிலையாக வந்ததும் கல்லை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்து வலது லாக். டயரில் காற்று ஓட்டும்போது வைக்கும் அளவிலேயே இருக்கட்டும், கூடுதல் காற்றில் பழகினால் வெளியே போனதும் உணர்வு மாறிவிடும்.

ஈரமரம்:
வண்டி ஆட ஆரம்பித்தால் ஹேண்டிலைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டாம், லாக்கில் அப்படியே வைத்து முழங்காலால் மட்டும் சரிசெய்யுங்கள். தினமும் 10 நிமிடம் போதும், களைத்த காலோடு செய்யாதீர்கள்.